எந்த வாக்கைக் கணக்கில் எடுப்பது?

2018 ஜனவரியில் அமெரிக்க அரசு மூன்று நாள் முடங்கிக் கிடந்தது. அப்போது டெக்சாஸ் மாநில செனட்டர் டெட் குரூஸ், அரசை முடக்குவதைத் தான் என்றைக்கும் எதிர்த்தே வந்திருப்பதாகவும், 2013-லும் அரசுக்குப் பணம் கொடுக்கத் திரும்பத் திரும்ப வாக்களித்ததாகவும் நிருபர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். 2013 அக்டோபரில் 16 நாள் நீடித்த முடக்கம் என்றதும் அமெரிக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் முகமே அவருடையதுதான். கூசாமல் பொய் சொல்கிறார் என்று பலர் அன்றே முடிவு கட்டினார்கள். ஆனால் செனட்டின் வாக்குப் பதிவேட்டைப் புரட்டினால் அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆதாரம் இருப்பதுதான் நம்மை யோசிக்க வைக்க வேண்டிய செய்தி. அரசு முடங்கும் காலத்தில், முடக்கியவர், முடக்கத்தை நீக்கப் பாடுபட்டவர், ஒதுங்கி நின்றவர் ஆகிய எல்லோருக்குமே நிதிக்கு ஆதரவாக வாக்களித்தேன் என்று எடுத்துக் காட்ட ஒரு வாக்கு கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு மக்கள் பிரதிநிதியின் வாக்குகளைக் கூட்டிக் கழித்து அவரை எடைபோட முடியாது என்பதே இந்த உரையில் நான் நிறுவ முயல்வது. சட்டமாகக்கூடிய மசோதா எது, அது எந்த இடத்தில் தடைபட்டு நின்றது, அந்த இடத்தில் அவர் கை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்தால்தான் அவர் நிலைப்பாடு தெரியும்.

நமக்கு இதைப் படிப்பதில் ஒரு சிரமம் உண்டு. நம் மக்களவையில் செலவுக்கான மசோதா தோற்றால் அரசே பதவி விலக வேண்டும். ஆகவே அரசு இருக்கும்வரை பணமும் இருக்கும். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுகின்றன. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று பெயர்வாரியாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்படவே இல்லை. அமெரிக்காவில் அரசின் ஆயுள் வேறு, அதன் பணம் வேறு. சட்டம் போட்டு ஒதுக்கினாலொழியக் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்கக் கூடாது என்கிறது அவர்களுடைய அரசியலமைப்பு. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்களோ, அவை முடியாதபோது சில வாரங்களுக்கான இடைக்கால மசோதாவோ இரு அவைகளிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்திட வேண்டும். முன்பெல்லாம் இதில் தாமதம் நேர்ந்தாலும் அலுவலகங்கள் எப்படியோ ஓடின. 1980-ல் அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லாத அலுவலகம் வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று சட்டக் கருத்து கொடுத்தார். உயிருக்கும் உடைமைக்கும் உடனடி ஆபத்து வரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. இன்று நாம் காணும் முடக்கம் அந்தக் கருத்திலிருந்து பிறந்ததுதான். செனட்டில் ஒரு மசோதா மீதான விவாதத்தை முடித்துவைக்க 100-ல் 60 பேர் வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொண்டால், ஒரு சிறு கூட்டம் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பது விளங்கும்.

2013-க்கு வருவோம். ஒபாமாகேர் என்று பெயர் பெற்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010-ல் நிறைவேறியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதன் மையப் பகுதியை ஏற்றது. அதே ஆண்டு ஒபாமா மீண்டும் வென்றார். குரூஸ் செனட்டுக்குப் புதிதாக வந்ததும் அதே தேர்தலில்தான். 2013 கோடையில் குரூஸும் யூட்டா மாநில செனட்டர் மைக் லீயும் ஒரு முழக்கத்தை எழுப்பினார்கள்: ஒபாமாகேருக்குப் பணம் தரும் எந்த மசோதாவுக்கும் குடியரசுக் கட்சியினர் வாக்களிக்கக் கூடாது. எண்ணிக்கை அவர்களுக்கு எதிராக இருந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சி அணியில் 54 பேர், குடியரசுக் கட்சியில் 46 பேர். அதைத் தாண்டினாலும் ஒபாமா தன் பெயராலேயே அழைக்கப்படும் சட்டத்தை முடக்கும் மசோதாவில் கையெழுத்திடப் போவதில்லை. இதைக் குரூஸின் கட்சிக்காரர்களே சொன்னார்கள். வட கரோலினா செனட்டர் ரிச்சர்ட் பர், தான் கேட்டதிலேயே முட்டாள்தனமான யோசனை இதுதான் என்று அந்த ஜூலையிலேயே வெளிப்படையாகக் கூறினார். அவரும் ஒபாமாகேரை எதிர்த்தவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

செப்டம்பர் 20 அன்று பிரதிநிதிகள் சபை ஒபாமாகேருக்குப் பணம் மறுக்கும் இடைக்கால மசோதாவை நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பியது. 24-ம் தேதி பிற்பகல் எழுந்த குரூஸ் மறுநாள் நண்பகல் வரை, 21 மணி நேரத்துக்கு மேல், நின்றபடியே பேசினார். நடுவில் தன் மகள்களுக்காக ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்தையும் வாசித்தார். பேசி முடித்த சற்று நேரத்தில் மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற வாக்கெடுப்பு நடந்தது. 100-க்கு 0. குரூஸும் ஆம் என்றே வாக்களித்தார். இதை வைத்து அவரைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கேலி சரியல்ல. எடுத்துக்கொள்ளப்பட்ட மசோதா அவர் விரும்பிய மசோதா; அதை எடுக்கச் சொன்னதில் முரண் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, 27-ம் தேதி நடந்ததுதான் கூர்ந்து படிக்க வேண்டியது. விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம் வந்தது. மசோதாவில் அப்போதும் ஒபாமாகேருக்கு எதிரான பகுதி இருந்தது. ஆனால் விவாதம் முடிந்ததும் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் சாதாரணப் பெரும்பான்மையிலேயே அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். ஆகவே தான் விரும்பிய மசோதாவையே நகரவிடாமல் தடுக்க வேண்டும் என்று குரூஸ் தன் கட்சியினரைக் கேட்டார். தீர்மானம் 79-க்கு 19 என்ற கணக்கில் வென்றது. 25 குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள்; கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானலும், குரூஸின் சொந்த மாநிலத்து மற்றொரு செனட்டர் ஜான் கார்னினும் அவர்களில் இருவர். அடுத்து அந்தப் பகுதியை வெட்டும் வாக்கெடுப்பு 54-க்கு 44. இங்கே அந்த 25 பேரும் குரூஸோடு சேர்ந்து எதிர்த்தே வாக்களித்தார்கள்.

ஒரே பிற்பகலில் நடந்த இந்த இரண்டு வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாக்கில்தான் ஏதேனும் முடிவானது. 41 பேர் எதிர்த்திருந்தால் மசோதா அங்கேயே நின்றிருக்கும். இரண்டாவது வாக்கின் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்த முடிவுக்கு எதிராகப் போடும் வாக்குக்கு விலை இல்லை. ஊருக்குப் போய் ஒபாமாகேரை எதிர்த்தேன் என்று சொல்ல அது உதவும், அவ்வளவே. இந்த இடத்தில் நான் குரூஸின் நேர்மையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். விலை உள்ள வாக்கில் தான் சொன்னதற்கு ஏற்ப நின்றவர் அவர். கார்னின் போன்றவர்கள் விலை உள்ள இடத்தில் அரசைத் திறந்து வைக்கும் வழியைத் தேர்ந்துகொண்டு, விலையில்லாத இடத்தில் கோபத்தைப் பதிவு செய்தார்கள்.

அடுத்த சில நாள்களில் பிரதிநிதிகள் சபை தன் கோரிக்கையைத் தளர்த்திக்கொண்டே வந்தது. முழுத் தடை என்பது ஓராண்டுத் தள்ளிவைப்பு ஆயிற்று. பிறகு, காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் செனட் 54-க்கு 46 என்று ஒதுக்கித் தள்ளியது. 2018-ல் குரூஸ் குறிப்பிட்ட, நிதிக்கு ஆதரவான வாக்குகளுக்கான இடம் இதுதான். இந்த மசோதாக்களை ஒதுக்கக் கூடாது என்று அவர் வாக்களித்தார். மசோதாக்களில் அரசுக்கான பணம் இருந்தது, அதனால் பணத்துக்கு வாக்களித்தேன் என்கிறார். எழுத்துப்படி உண்மை. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட செனட்டைத் தாண்டாது என்பதும், தாண்டினாலும் வெள்ளை மாளிகையில் நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வாரத்தில் சட்டமாகக்கூடிய மசோதா ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நிபந்தனை ஏதும் இல்லாமல், நவம்பர் 15 வரை பணம் கொடுக்கும் செனட் மசோதா. அதை அவர் எதிர்த்தார்.

அந்த மசோதா பிரதிநிதிகள் சபையில் எப்படித் தடுக்கப்பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எந்த உறுப்பினரின் வாக்குப் பட்டியலிலும் முழுதாகத் தெரியாது. இரு அவைகளும் ஒத்துப்போகாத கட்டம் வந்துவிட்டால், செனட்டின் மசோதாவை அப்படியே ஏற்போம் என்று எந்த உறுப்பினரும் எழுந்து தீர்மானம் கொண்டுவரலாம் என்பது சபையின் வழக்கமான விதி. முடக்கம் தொடங்கிய அந்த நள்ளிரவை ஒட்டி, இந்த மசோதாவுக்கு மட்டும் அந்த விதியை மாற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதன்படி, பெரும்பான்மைத் தலைவரோ அவர் நியமிப்பவரோ மட்டும்தான் அப்படிக் கேட்கலாம். அக்டோபர் 12 அன்று மேரிலாந்து உறுப்பினர் கிறிஸ் வான் ஹாலன் எழுந்து, வழக்கமான விதிப்படி எனக்கு இந்த உரிமை உண்டா, அது இப்போது ஏன் இல்லை என்று அவைத் தலைமையிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நாற்காலியில் இருந்தவர் மாற்றப்பட்ட விதியைத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு பதில் தரவில்லை. நிபந்தனையற்ற மசோதா வந்தால் ஆதரிப்போம் என்று அப்போது இருபதுக்கு மேற்பட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்திரிகைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினருடைய வாக்குகளோடு அது போதுமான எண்ணிக்கை. ஆனால் நடைமுறைத் தீர்மானங்கள் வந்தபோது, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தவிர, அவர்கள் தங்கள் தலைமையோடுதான் நின்றார்கள். மசோதா வந்தால் ஆதரிப்பேன் என்று பேட்டி கொடுத்துவிட்டு, மசோதா வராமல் இருக்கும் தீர்மானத்துக்கு வாக்களிப்பதை நிலைப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குரூஸ் செனட்டர், அந்தச் சபையில் அவருக்கு வாக்கு கிடையாது. ஆனாலும் அங்குள்ள உறுதியான எதிர்ப்பாளர்களைச் சந்தித்து ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். அக்டோபர் 14 இரவு நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் அவர்களோடு கூடிப் பேசியது அப்போதே செய்தியானது. அவருடைய பொறுப்பில் பெரும்பகுதி இத்தகைய சந்திப்புகளிலும், மேடைகளிலும், அந்த 21 மணி நேரப் பேச்சிலும்தான் இருக்கிறது. வாக்குப் பதிவேடு இவற்றுக்குக் கணக்கு வைப்பதில்லை.

என் வாதத்துக்கு மிகவும் கடினமான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு மேரிலாந்தில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனை உண்டு. வேறெங்கும் வழியில்லை என்று கைவிடப்பட்ட நோயாளிகள் புதிய சிகிச்சைப் பரிசோதனைகளில் சேர அங்கே வருவார்கள். முடக்கம் நீடித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 200 பேரை, அவர்களில் 30 பேர் குழந்தைகள், சேர்க்க முடியாமல் திருப்ப வேண்டியிருக்கும் என்று நிறுவனத்தின் இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ் அறிவித்தார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். உடனே பிரதிநிதிகள் சபை அந்த நிறுவனத்துக்கு மட்டும் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. இதேபோல் தேசியப் பூங்காக்களுக்கு ஒன்று, முன்னாள் படைவீரர் நலனுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக மசோதாக்கள் வந்தன. செனட்டின் ஜனநாயகக் கட்சியினர் இவற்றை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். நோயுற்ற குழந்தைக்குப் பணம் கொடுக்க மறுத்தவர்கள் என்று அவர்களைச் சொன்னால் அதுவும் எழுத்துப்படி உண்மைதான். துண்டு மசோதா ஒவ்வொன்றாக நிறைவேறினால் கண்ணில் படும் துன்பம் மட்டும் நீங்கும். கண்ணில் படாத ஆயிரம் வேலைகள் மூடியே கிடக்கும், முழுமையாகத் திறக்க வேண்டிய நெருக்கடியும் தளரும் என்பது அவர்கள் பதில். அந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஆனால் அது வலியில்லாத பதில் அல்ல. இந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் போய்ச் சொல்லக்கூடிய பதிலும் அல்ல. மறுத்தவர்கள் அந்த மறுப்பையும் தங்கள் பெயரில் சுமக்கத்தான் வேண்டும்.

பணப்பையின் மேல் உள்ள அதிகாரம்தானே மக்கள் பிரதிநிதிகளின் பெரிய ஆயுதம், அதைப் பயன்படுத்தியதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசனே அப்படித்தான் வாதிட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. ஒரு நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை அடுத்த நாடாளுமன்றம் மாற்றலாம்; அதற்குப் பணத்தை நிறுத்திப் பார்ப்பதும் முறையான வழியே. ஆனால் 2013-ல் அந்த ஆயுதம் இலக்கை எட்டவே இல்லை. ஒபாமாகேரின் பெரும்பகுதிச் செலவு ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில் வருவதல்ல. அது நிரந்தரச் சட்டத்தின்படி தானே ஓடுவது. முடக்கம் வந்தாலும் அது நிற்காது என்று நாடாளுமன்ற ஆய்வுப் பணியகம் அந்தக் கோடையிலேயே குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவருக்கு எழுத்தில் விளக்கியிருந்தது. அப்படியே நடந்தது. அக்டோபர் 1 அன்று அரசு மூடியது. அதே அக்டோபர் 1 அன்று ஒபாமாகேரின் காப்பீட்டுச் சந்தைகள் திறந்தன. நின்றுபோனவை பூங்காக்கள், ஆய்வகங்கள், எட்டு லட்சம் பேரளவிலான ஊழியர்களின் அன்றாட வேலை. அந்த 16 நாளில் மொத்தம் 66 லட்சம் வேலைநாள்கள் வீணாயின என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் பின்னர் கணக்கிட்டது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பின்னர் முழுச் சம்பளம் கொடுக்கலாம் என்ற மசோதா அக்டோபர் 5 அன்று பிரதிநிதிகள் சபையில் 407-க்கு 0 என்று நிறைவேறியது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் தர ஒருவர்கூட மறுக்காத சபை, அவர்களை வேலைக்குக் கூப்பிடும் மசோதாவை வாக்கெடுப்புக்கே விடவில்லை.

அக்டோபர் 16 அன்று எல்லாம் முடிந்தது. செனட்டில் 81-க்கு 18, பிரதிநிதிகள் சபையில் 285-க்கு 144. குரூஸ் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் நேரத்தை இழுத்தடிக்கும் உரிமை கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. மறுநாள் அரசின் கடன் வரம்புக் கெடு. ஓரிரு நாள் அவர் தாமதப்படுத்தியிருந்தால் விளைவு பெரிதாக இருந்திருக்கும். அவர் பதிவில் நான் மதிப்பது இந்தச் செய்கையைத்தான். வாக்குப் பதிவேட்டில் இதுவும் இல்லை. அன்றைய 18 எதிர்ப்பு வாக்குகளில் செப்டம்பர் 27 அன்று வழிவிட்ட ஜான் கார்னினுடையதும் ஒன்று. 81 பேர் இருக்கிறார்கள், மசோதா நிறைவேறிவிடும் என்று தெரிந்தபின் இல்லை என்பது எளிது. பிரதிநிதிகள் சபையிலும் குடியரசுக் கட்சியினரில் 144 பேர் எதிர்க்க, 87 பேரின் துணையோடுதான் அரசு திறந்தது. அந்த 144 பேரில் எத்தனை பேர், மற்றவர்கள் ஆம் என்று சொல்லட்டும் என்று உள்ளூர நம்பி எதிர்த்தார்களோ! கடைசி வாக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பதிவேடு தானாகப் பேசாது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 2018 ஜனவரியில் முடக்கத்தைத் தவிர்க்கும் மசோதாவை செனட்டுக்குக் கொண்டுவந்தவர் மெக்கானல். அது 60 வாக்கு பெறாது என்று தெரிந்ததும் அவரே எதிர்த்து வாக்களித்தார். தோற்ற தீர்மானத்தை மறுபடி கொண்டுவர, வென்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கே உரிமை உண்டு என்ற விதிக்காகச் செய்தது அது. விதி தெரியாதவர் பட்டியலில் பார்த்தால் மசோதாவுக்கு மெக்கானல் விரோதி.

ஜனநாயகக் கட்சிக்கு ஓர் அளவுகோல், குடியரசுக் கட்சிக்கு ஓர் அளவுகோலா என்ற மறுப்பும் வரும். இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த 2018 ஜனவரி முடக்கத்தில், சிறுவயதில் பெற்றோரோடு வந்து குடியேறிய இளைஞர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு, சட்டமாகக்கூடிய மசோதாவைத் தடுத்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர். கோரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது. தடுத்தவர்கள் யார் என்ற கேள்வியின் பதிலை அது மாற்றாது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் நீடித்த முடக்கத்தில் இந்த அளவுகோலைப் பயன்படுத்துவது சற்றுக் கடினம். 2019 ஜனவரி 24 அன்று செனட்டில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. எல்லைச் சுவருக்குப் பணம் தரும் டிரம்ப்பின் திட்டம் 50-க்கு 47. நிபந்தனையற்ற மசோதா 52-க்கு 44. இரண்டும் 60-ஐ எட்டவில்லை. எதுவுமே சட்டமாகும் நிலையில் இல்லாத நாள் அது. ஆனால் சூசன் காலின்ஸ், லிசா முர்கவ்ஸ்கி, மிட் ராம்னி உள்ளிட்ட ஆறு குடியரசுக் கட்சியினர் இரண்டுக்கும் ஆம் என்றார்கள். எப்படியாவது திறங்கள் என்பது அதன் பொருள். தன் கட்சித் திட்டத்தைவிட எதிர்த் திட்டத்துக்கு அதிக வாக்கு விழுந்ததை அதிபர் பார்த்தார், மறுநாளே இறங்கிவந்தார். விமான நிலையங்களில் ஆள் பற்றாக்குறையும் அவரை நெருக்கியது உண்மைதான். ஆயினும் அந்த ஆறு வாக்குகள் தோற்ற தீர்மானத்தில் விழுந்தும் வீணாகவில்லை.

வாக்காளருக்குக் கொடுத்த வாக்குறுதியைத்தானே குரூஸ் காப்பாற்றினார், மக்களும் அவரைத் தண்டிக்கவில்லையே என்பார்கள். 2014-ல் குடியரசுக் கட்சி செனட்டையே பிடித்தது. 2016-ல் அயோவாவில் அதிபர் வேட்பாளருக்கான முதல் சுற்றில் குரூஸ் வென்றார். இது உண்மை, ஆனால் இந்த வாதம் 2018-ல் அவர் சொன்னதோடு ஒத்துப்போகாது. வாக்குறுதிக்காக அரசு மூடினாலும் பரவாயில்லை என்று நின்றேன் என்றால் அது ஒரு நிலைப்பாடு. வாக்காளர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். முடக்கத்தை நான் எதிர்த்தேன் என்றால் அது வேறு. இரண்டையும் ஒரே பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்ட முடிவதால் இரண்டும் உண்மையாகிவிடாது.

2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் நீடித்த முடக்கம் இந்தக் கேள்வியைப் பக்கம் மாற்றி மறுபடி எழுப்பியது. இம்முறை ஒபாமாகேரின் கூடுதல் மானியத்தை நீட்டிக்கச் சொல்லி, பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய இடைக்கால மசோதாவை செனட்டில் 14 முறை தடுத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். நவம்பர் 9 அன்று அவர்கள் அணியைச் சேர்ந்த எட்டுப் பேர் வழிவிட்டதால் 60-க்கு 40 என்று தடை நீங்கியது. வர்ஜீனியா செனட்டர் டிம் கெய்ன் அந்த எட்டுப் பேரில் ஒருவர். மத்திய அரசு ஊழியர்கள் ஏராளமாக வாழும் மாநிலம் அது. முடக்கத்தின்போது வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற விதி உடன்பாட்டில் எழுதப்பட்டதைக் காரணமாகச் சொன்னார். மானியத்துக்கோ டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாய்மொழி உறுதி மட்டுமே கிடைத்தது. வாக்கெடுப்பு நடந்தது, 60 கிடைக்கவில்லை. கெய்ன் மசோதாவின் வரிகளில் எதைச் சேர்த்தார், எதைச் சேர்க்க முடியாமல் விட்டார், அதற்குமுன் தடுத்த வாக்குகளால் அவர் மாநிலத்து ஊழியர்கள் எத்தனை வாரம் சம்பளமின்றி இருந்தார்கள் என்று மூன்றையும் சேர்த்தே வர்ஜீனியா வாக்காளர் பார்க்க வேண்டியிருக்கும். 2013-ல் குரூஸைப் பார்த்து நாம் கேட்ட கேள்விகளில் ஒன்றையும் அவருக்காகத் தளர்த்த வேண்டியதில்லை.